அறுகு என்று எழுதுக

௧

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை விடியலில், வழக்கம்போல் நீர்க்குழாயை இழுத்துக்கொண்டு புல்தரைக்குச் சென்றேன். அதன் வடகிழக்கு மூலையில் ஒரு பலகை முளைத்திருந்தது. வெள்ளைப் பூச்சு, கறுப்பு எழுத்து, ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு எனக்கு அம்மொழி வரும். பலகை கூறிய செய்தியைத் தமிழில் தருகிறேன்: “பத்தாண்டு நிறைந்த இத்தரை பெர்முடாப் புல்லால் ஆனது. முன்னாள் செயலாளரின் முயற்சியால் கடல் கடந்து தருவிக்கப்பட்டது.”

இதில் பத்தாண்டும் கடல் கடந்ததும் மட்டுமே உண்மை. அந்தக் கடல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கிடக்கும் கடல். புல் அதைக் கடந்தது ஒரு பாய்மரத் தோணியில், ஈரச் சாக்கில், என் தலைமாட்டில். பெர்முடா என்னும் பெயரை அந்தச் சாக்கும் அறியாது, தோணியும் அறியாது. தோணியின் தண்டலாக இருந்து பாய் விரித்துச் சுக்கான் பிடித்த மிக்கேல் அண்ணாச்சி இன்றும் மாதம் ஒருமுறை கொழும்புக்கு வந்து போகிறார். அவரிடம் பெர்முடா எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“அமெரிக்காவுக்கு இங்கிட்டு ஒரு பொட்டுத் தீவுன்னு சொல்லுதாங்க வே. நம்ம தோணி அங்கன போவாது. எதுக்குக் கேக்கீரு?”

பலகையைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அப்பம் நான் உம்ம சாக்கத் தூக்கிட்டு வந்தது கனவா?” என்றார்.

என் சினம் பலகையின்மேல் மட்டும் இல்லை. அதை நடுவதற்காக என் தரையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். தோண்டியெடுத்த புற்கட்டியை, வேரும் மண்ணுமாக, வேலியோரம் வீசியிருந்தார்கள். பத்தாண்டு வளர்ந்த வேரை எடுத்துவிட்டு, அதன் பிறப்பைப் பற்றிய பொய்யை அதே குழியில் நட்டிருந்தார்கள். அந்தக் கட்டியை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது அதை எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

என்னைப் பற்றிச் சில சொற்கள். ஆழ்வார்திருநகரியில் ஒரு புலவரிடம் ஏழாண்டு இலக்கணமும் நிகண்டும் கற்றவன். தமிழ் கற்பிக்கும் வேலையை நம்பிக் கொழும்புக்கு வந்தேன். கிடைத்தது, கடலோரத்தில் வெள்ளைக்காரர் நடத்திய விளையாட்டுக் கழகமொன்றில் கடித உறைகளின்மேல் முகவரி எழுதும் வேலை. அங்கிருந்து புல்லுக்கு மாறினேன். இங்குள்ள நம்மூரார் என்னைப் ‘புல்லுப் பண்டிதர்’ என்கின்றனர். ஏளனந்தான். ஆயினும், நடுவில் ஓர் உகரம் மிகையாக நிற்பது தவிர, அப்பெயரில் பிழை இல்லை.

பெயர் என்றதும் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஊரில் நாம் அருகம்புல் என்று பேசுகிறோம், எழுதவும் செய்கிறோம். அறுகு என்பதே செம்மையான சொல், வல்லின றகரம். அருகு என்றால் பக்கம். ஓரெழுத்து மாறினால் புல் மறைந்து இடம் வந்துவிடும். இதை நான் ஊராரிடம் பலமுறை சொல்லிப் பலமுறை சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன். இந்தக் குறிப்புகளைப் படித்து முடிக்கும்போது, நான் எதற்காக ஓர் எழுத்துக்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும். நான் எங்கே தோற்றேன் என்பதும் விளங்கும்.

௨

கழகத்தின் திடல் கடலை ஒட்டியது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைத்திவலை நேரே அதன்மேல் விழும். மரப்பந்து உருட்டி ஆடும் ஆட்டத்துக்கு அங்கே மேசைபோல் சமமான புல்தரை வேண்டும் என்று அன்றைய செயலாளர் துரை ஆசைப்பட்டார். தகரப் பெட்டிகளில் விதை தருவித்தார். மூன்று முறை விதைத்தார், மூன்று முறையும் முளைத்தது, மூன்று முறையும் உப்புக் காற்றில் வைக்கோலாயிற்று. குளிர்நாட்டுப் புல்லுக்கு இந்த வெயிலும் பகை, இந்த உப்பும் பகை. நான் உறைகளை நீட்டிக்கொண்டு நின்றபோது, உப்பிலேயே வாழ்ந்து வெயிலிலேயே தழைக்கும் புல் எங்கள் ஊரில் உண்டு என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு ஒரு மாத விடுப்புக் கொடுத்தார்.

என் தந்தையார் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் மேற்பார்வை பார்த்தவர். பாத்திகளின் வரப்பைக் காப்பது அவர் வேலையில் பெரும்பகுதி. வரப்பில் அறுகு வேரோடினால் மண் விரியும், பாத்தியில் தேக்கிய கடல்நீர் கசியும், விளைந்த உப்பில் சருகு விழும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வைத்து அறுகு பறிப்பார். ஆள் வராத நாளில் தாமே குனிவார். அவரிடம்தான் நான் ஒரு சாக்கு அறுகு வேண்டும் என்று போய் நின்றேன்.

“என்னது?”

“அறுகு, அப்பா. வேரோடு.”

வரப்பில் நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏலே, ஏழு வருசம் படிச்ச படிப்பு இதுக்குத்தானா? நான் புடுங்கிப் போடுதத நீ தோணியேத்திக் கொண்டுபோறியா? சீமைக்காரனுக்கு வேற கேடு ஒண்ணும் கெடைக்கலையா?”

அளத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “அண்ணாச்சி, கொழும்புல மாடு பட்டினி கெடக்கு போல,” என்றாள். தந்தையார் அவளை அதட்டவில்லை. அவருக்கும் அதே ஐயம்.

ஆயினும் மறுநாள் அவரே மண்வெட்டியோடு முன்னே நடந்தார். “வரப்புல உள்ளது தடிச்ச இலை. உனக்கு வேண்டியது அங்கன இருக்கு,” என்று கரையோரம் அழைத்துப் போனார். முன்னொரு முத்துக்குளிப்பின்போது சிப்பிகளை மலைபோல் குவித்து அழுகவிட்டு முத்தெடுத்த இடம் அது. கொட்டு என்போம். ஆளும் கடையும் போய், நாற்றமும் போய், நொறுங்கிய சிப்பியும் மணலும் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றின்மேல் பாய் விரித்ததுபோல் அறுகு படர்ந்திருந்தது. இலை ஊசி, கணு நெருக்கம், நிமிராமல் தரையோடு தவழும் இயல்பு. மிதித்தால் அடியில் சிப்பி நொறுங்கிற்று, புல் நொறுங்கவில்லை.

இருவரும் சாக்கு நிறையத் தோண்டினோம். தந்தையார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னது என் காதில் இன்றும் இருக்கிறது. “நாப்பது வருசமா இவனுக்கும் எனக்கும் சண்ட. ஒரு தடவகூட நான் செயிச்சதில்ல. கூட்டிட்டுப் போ. அங்கன உள்ளவனும் கொஞ்சம் படட்டும்.”

தோணியில் எனக்கு அளந்து கொடுத்த நன்னீரில் பாதியைச் சாக்கின்மேல் தெளித்தேன். மிக்கேல் அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார், பிறகு பொறுக்கவில்லை. “குடிக்கிற தண்ணிய ஊத்துதீரே வே. கரைக்குப் போவும்போது புல்லு உயிரோட இருக்கும், உம்மத்தான் சாக்குல கட்டித் தூக்கணும்.” சொல்லிவிட்டுத் தம் பங்கிலிருந்து ஒரு செம்பு எடுத்து எனக்குக் கொடுத்தார்.

கொழும்பு இறங்குதுறையில் சாக்கைத் தடுத்தார்கள். மண்ணோடு கூடிய செடி எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அது தெரியாது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிக்கேல் அண்ணாச்சி முன்னே வந்து, “பூசைப் புல்லுங்க ஐயா. பிள்ளையாருக்கு,” என்று கும்பிட்டார். கழுத்தில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி சாக்கைத் திறந்து பார்த்து, ‘பூசைப் பொருள், சாக்கு ஒன்று’ என்று சீட்டு எழுதி நீட்டினார். என் பெயரும் அன்றைய தேதியும் அதில் இருந்தன. கீழே என்னைக் கையெழுத்திடச் சொன்னார். இட்டேன்.

வெளியே வந்ததும், உமக்குப் பாவம் இல்லையா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். “என் சாமிய இழுத்தாப் பாவம். உம்ம சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு, அவருக்குப் புடிச்ச புல்லுதானே,” என்றார்.

ஒரு சொல் பிழைபட்டால் உண்ணப் பிடிக்காத நான், அன்று முழுப்பொய் ஒன்றின் கீழ் என் பெயரை எழுதினேன். அந்தச் சீட்டைக் கிழித்தெறியாமல் பெட்டியில் வைத்தது ஏன் என்று தெரியவில்லை. குற்றத்தின் சான்றை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

௩

புல் வளர்ப்பதும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இரு நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இப்பகுதி.

தரையை இரண்டு சாண் ஆழம் கொத்திக் கல் பொறுக்கி, மணலும் மட்கிய சாணமும் கலந்து, கயிறு கட்டி மட்டம் பார்க்க வேண்டும். அறுகின் தண்டை மூன்று மூன்று கணுவாக நறுக்க வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே, ஒரு சாண் இடைவெளியில் சாய்த்து நட்டுக் குதிகாலால் அழுத்த வேண்டும். மண்ணைத் தொட்ட கணு வேர்விடும், காற்றைத் தொட்டது இலைவிடும். மூன்று வாரம் காலையும் மாலையும் நீர். பிறகு இருவர் இழுக்கும் கல்லுருளை. பச்சை கூடியபின் முதல் வெட்டு. எவ்வளவு அவசரமானாலும் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்குமேல் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. எடுத்தால் தண்டு வெளுத்து வெயிலில் கருகும். ஆண்டுக்கு ஒருமுறை, அடியில் மெத்தைபோல் சேரும் காய்ந்த தண்டுகளை வாரியால் கீறி எடுத்து, சலித்த மணலைத் தூவ வேண்டும். கோரை தலைகாட்டினால் கிழங்கோடு எடுக்க வேண்டும், இலையை மட்டும் கிள்ளுகிறவன் கோரையை வளர்க்கிறவன். நிழல் கூடவே கூடாது. திடலோரத்து வாதுமை மரத்தின் ஒரு கிளையை வெட்டுவதற்காக நான் எட்டு மாதம் மன்றாடினேன்.

பகல் முழுவதும் இது. மாலையில் வீட்டில் என் மகள் கோமதிக்குத் தமிழ்ப் பாடம். நான்கு வயதில் இங்கே வந்தவள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் சிங்களம். தமிழ் எனக்காகச் செய்யும் உபகாரம்.

“ல, ள, ழ மூணுக்கும் ஒரே சத்தந்தானப்பா வருது? எதுக்கு மூணு எழுத்து?”

“ஒரே ஒலி அன்று. புல் என்றால் தரையில் முளைப்பது. புள் என்றால் பறவை. ஒன்று வேரோடு கிடக்கும், மற்றது பறந்து போகும்.”

“அப்போ பறவைன்னே எழுதிட்டுப் போலாமே.”

நான் நிகண்டைப் பிரித்து வேறு எடுத்துக்காட்டுத் தேடினேன். பத்தாண்டாக அவள் புல்லைப் புள்ளாகவும் புள்ளைப் புல்லாகவும் எழுதினாள். நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பாடம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டுத் தோழியோடு சிங்களத்தில் சிரிக்கப் போய்விடுவாள். வட்டங்களை ஒருநாளும் எண்ணிப் பார்த்தவள் அல்லள்.

யுத்தம் வந்தது. கொழும்பின்மேல் குண்டு விழுந்தபின் நம்மவர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். கழகத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. என் தரையின் குறுக்கே பதுங்குகுழி வெட்டினார்கள். எஞ்சிய பச்சையின்மேல் லாரிகளை நிறுத்தினார்கள். என் மனைவி செண்பகம் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எல்லாரும் போறாக. நீங்க என்ன செய்யுதீய?”

“வடகிழக்கு மூலையில், குழியோரத்தில், இன்னும் பச்சை இருக்கிறது. இப்போது விட்டுப் போனால் வேர் பிடிக்காது.”

“ஆருக்கு? புல்லுக்கா, உங்களுக்கா?” என்றாள். பெட்டியை அவிழ்த்தாள்.

போகவில்லை. சிப்பாய்களிடம் தண்ணீர் கேட்டுக் கேட்டு அந்தக் குழியோரத்தை நனைத்தேன். ஊரில் தந்தையார் இறந்தபோது கப்பல் நின்றிருந்தது, செய்தியே பதினாறு நாள் கழித்து வந்தது. யுத்தம் முடிந்து லாரிகள் போனபின், எண்ணெய் குடித்த மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, குழியோரத்திலிருந்து கணுக்களை எடுத்து மறுபடியும் நட்டேன். ஒரே மழையில் தரை மூடிற்று. கழகத்தின் பழைய ஏடுகள் அப்படி மீளவில்லை. அவற்றை எந்தப் படை எரித்து எதைச் சமைத்ததோ தெரியாது.

௪

இந்நாடு விடுதலை பெற்றது, மகிழ்ந்தோம். பின்னர், இங்கே வாழும் இந்தியருக்கென்று ஒரு சட்டம் வந்தது. யுத்தத்துக்கு முன்பிருந்தே இடைவிடாமல் இங்கே வசித்ததை மெய்ப்பிப்பவன் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். மெய்ப்பிக்காதவன் அயலான். அயலானுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு அடுத்த கப்பல். செண்பகத்துக்கும் எனக்கும் கப்பல் ஒரு தண்டனை அன்று. ஆனால் கோமதிக்குத் தூத்துக்குடி நான் சொல்லும் கதைகளில் வரும் ஓர் ஊர். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஈராண்டு இருக்கையில், அவளைத் தாய்நாடு என்று ஓர் அயல்நாட்டுக்கு அனுப்பிவைப்பதாக அரசு சொல்கிறது. இதுதான் என்னை உறங்கவிடவில்லை.

சான்று கேட்டு, கழகத்தின் இப்போதைய செயலாளரிடம் போனேன். இவர் புதியவர், இந்நாட்டவர், கொஞ்சம் தமிழும் பேசுவார். நல்ல சொற்களோடு ஒரு கடிதம் தந்தார். ‘யுத்தத்துக்குப் பின் புல் வெட்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்’ என்று அதில் இருந்தது.

“யுத்தத்துக்கு முன்னால் இந்தத் தரையை இட்டவன் நான்,” என்றேன்.

பழைய ஏடுகள் இல்லை, ஏட்டில் இல்லாததை எழுத இயலாது என்று வருந்தினார்.

“பலகையில் பெர்முடா என்று எழுதினீர்களே, அது எந்த ஏட்டில் இருந்தது?”

“அது எல்லோரும் அறிந்தது,” என்றார்.

எல்லோரும் அறிந்தது. பத்தாண்டு குனிந்து நிமிர்ந்த ஒருவன் அறிந்தது அந்த எல்லோருக்குள் சேராது.

பெட்டியைக் குடைந்தேன். யுத்தத்துக்கு முன் நான் கொழும்பில் இருந்தேன் என்று கூறும் காகிதம் ஒன்றே ஒன்று கிடைத்தது. என் பெயர், தேதி, துறைமுக முத்திரை. ‘பூசைப் பொருள், சாக்கு ஒன்று.’

௫

அலுவலகத்துக்குக் கோமதியைத் துணைக்கு அழைத்துப் போனேன், விசாரணை அதிகாரிக்குத் தமிழ் வராது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் புற்கட்டியையும் துணியோடு எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். யாழ்ப்பாணத்தவர், கண்ணாடி அணிந்தவர், நிமிர்ந்து பார்க்காதவர்.

“என்ன தொழில் ஐயா?”

நம்மவர் என்னும் மகிழ்ச்சியில், றகரத்தை உரிய வன்மையோடு ஒலித்து, “அறுகம்புல் வளர்த்தல்,” என்றேன்.

எழுதினார். எட்டிப் பார்த்து ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டினேன். ‘புல் அறுத்தல்.’

“ஐயா, நான் அறுகு என்றேன்.”

“ஓம், அறுக்கிறது எண்டுதானே எழுதினனான்.”

“அறுப்பவன் அல்லன். வளர்ப்பவன்.”

“வளத்துப்போட்டு அறுக்கிறதில்லையோ?”

“அறுப்பேன்.”

“பிறகென்ன?”

ஊரார்போல் அருகம்புல் என்று தளர்வாகச் சொல்லியிருந்தால் அவர் காதில் புல்லாகவே விழுந்திருக்கும். நான் திருத்தமாகச் சொன்னதனால் அறுப்பாயிற்று. அந்த உணர்வு வந்ததும் சினம் இரட்டித்தது. அவர் மேசைமேலிருந்த பேனாவை எடுத்து, அந்தச் சொல்லைக் குறுக்கே அடித்துவிட்டேன்.

அவர் முதன்முறையாக நிமிர்ந்தார். “படிவத்தில அடிக்கக் கூடாது ஐயா. ஒரு எழுத்து அடிச்சாலும் பத்திரம் பழுது.”

பழுதான படிவத்தோடு அதிகாரி முன் நிறுத்தப்பட்டோம். நடுவயதினர், களைத்த முகத்தினர். மூன்று காகிதங்களையும் வரிசையாகப் பரப்பினார். படிவம் புல் அறுப்பவன் என்கிறது, கழகம் புல் வெட்டுபவன், அதுவும் யுத்தத்துக்குப் பின் என்கிறது, துறைமுகச் சீட்டு பூசைப் பொருள் என்கிறது. நீர் பூசாரியா என்று கோமதி வழியாகக் கேட்டார்.

இல்லை என்றேன்.

அப்படியானால் சீட்டில் இருப்பது?

ஆம் என்று சொல்லி அர்ச்சகனாகியிருக்கலாம், சீட்டு செல்லும், ஆண்டுகள் செல்லும். வாய் வரவில்லை. “பொய். தரைக்கு நட வந்த புல். சீட்டு இல்லாமல் இறக்கினேன். கையெழுத்து என்னுடையது,” என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். “அப்பா, அப்படியே சொல்லணுமா?”

“அப்படியே.”

சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். அவள் மறுமொழி சொன்னாள். அந்த மறுமொழியில் ஒரு சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெர்முடா.

அரசு அலுவலகம் என்பதை மறந்தேன். “உன் வாயிலிருந்துமா? பலகை சொன்னதை நீயும் சொல்கிறாயா?”

“அவர் என்ன புல்லுன்னு கேட்டாருப்பா. அவருக்கு வேற பேரு தெரியாது.” அவள் குரல் தாழ்ந்தது. “அருகம்புல்லுக்கு இங்கிலீஷ்ல பேரே அதுதான். எனக்கும் வேற பேரு தெரியாது.”

துணியை அவிழ்த்து, பலகைக் குழியிலிருந்து எடுத்த கட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். கோமதி குனிந்து பார்த்து வேரின் நடுவே விரலை விட்டாள். நகத்தளவு சிப்பித் துண்டு ஒன்று வெளிவந்தது. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நிலவின் நிறம். முத்துச்சிப்பி. நான் கொத்திய மண் மணலும் சாணமும் மட்டுமே, கொழும்புக் கரையில் இந்தச் சிப்பி ஒதுங்குவதும் இல்லை. சாக்கோடு வந்து, வேர் தன் பிடியை விடாததனால் பதுங்குகுழிக்கும் லாரிக்கும் தப்பி, பத்தாண்டு அங்கேயே இருந்திருக்கிறது.

கோமதி நான் கேளாமலே பேசத் தொடங்கினாள். கொட்டு, சிப்பி, தாத்தா, வரப்பு என்று இடையிடையே தமிழ்ச் சொற்கள் விழுந்தன. நான் சொல்லும்போது நோட்டில் பொம்மை வரைந்துகொண்டிருந்தவள் அவ்வளவையும் கேட்டிருக்கிறாள்.

அதிகாரி சிப்பியை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், இதைக் கோப்பில் குத்த முடியாது. ஆனால் தேதியும் முத்திரையும் பொய் சொல்லவில்லை, பொருளின் பெயர்தான் பொய். பழுதில்லாத புதிய படிவத்தில் எழுதி, கழகக் கடிதத்தின் இன்னொரு படியோடு மறுநாள் நண்பகலுக்குள் கொடுத்தால் சீட்டைப் பரிசீலிக்கலாம். மறுநாள்தான் கடைசி நாள். ஒரே ஒரு படிவம் கொடுத்தார்.

மறுநாள் கடிதத்தின் படிக்காகச் செயலாளரை எதிர்பார்த்துக் கழக வாசலில் நின்றேன். அவர் பதினொன்றரைக்கு வந்தார். படிவத்தைக் கோமதியே வீட்டில் நிரப்பி அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். நான் படியோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அதே யாழ்ப்பாணத்தவர் முத்திரையைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

படிவத்தைப் படித்தேன். அழகிய கையெழுத்து. எல்லாம் ஆங்கிலம், ஓரிடம் தவிர. தொழில் என்ற கட்டத்தில் தமிழ் எழுத்துகள், ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வரைந்தவைபோல் நின்றன:

‘அருகம்புள் வளர்த்தல்.’

“இங்கிலீஷ்ல எழுதினா பெர்முடான்னுதான் வரும், நீங்க கோவப்படுவீங்க,” என்றாள் கோமதி. “அதான் நம்ம எழுத்துல எழுதிட்டேன். யாரையும் கேக்கல.”

ஒரே சொல்லில் இரண்டு பிழை. றகரம் இடையினமாகிவிட்டது, லகரம் பறந்துவிட்டது. அருகில் இருக்கும் ஏதோ ஒரு பறவையை நான் வளர்ப்பதாக அந்தக் கட்டம் கூறிற்று. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதைத் தொட்டது.

“எல்லாம் சரியோ ஐயா?” யாழ்ப்பாணத்தவர் கண்ணாடிக்கு மேலாக என்னையும் என் கையையும் பார்த்தார். “திருத்தம் ஏதும் உண்டோ?”

கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை,” என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

ஆணை இன்னும் வரவில்லை. பலகையும் இன்னும் அங்கேயே நிற்கிறது, அதன் காலடியில் அந்தக் கட்டியை மறுபடியும் நட்டுவிட்டேன். சிப்பித் துண்டைக் கோமதி திருப்பித் தரவில்லை. ஊரில் எவரேனும் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டால், அறுகு வளர்க்கிறான் என்று சொல்லுங்கள். எழுத நேர்ந்தால் வல்லின றகரம் இட்டு எழுதுங்கள். இந்நாட்டு அரசின் ஏட்டில் மட்டும் நான் பறவை வளர்ப்பவன், அந்த ஓரிடத்தை எவரும் திருத்த வேண்டா.